ஓர் அடி தாமதம்

முப்பத்தொரு கால்கள் ஒன்றாகத் தரையில் விழுந்தன. அதற்குப் பிறகு, தனியாக, ‘தொப்’பென்று ஒரு சத்தம்.

கணக்கு வாத்தியார் பாட்டுப்பெட்டியை நிறுத்தினார்.

“யாரது?”

யாரென்று அவருக்கே தெரியும். இரண்டாம் வகுப்பில் எல்லோரும் குருவி என்று கூப்பிடுகிற பெண். வகுப்பிலேயே சின்ன உருவம். குரலும் அந்த அளவுதான்.

“நான்தான் சார்,” என்றாள் குருவி, பரிசு வாங்க வந்தவள்போல.

நடன டீச்சர் பிரசவ லீவில் போய்விட்டார். ஆண்டு விழாவுக்கு மூன்றே வாரம். ‘யார் பார்த்துக்கிறீங்க?’ என்று தலைமை ஆசிரியை ஆசிரியர் அறைக்குள் வந்து கேட்டபோது, மற்றவர்கள் எல்லோரும் நோட்டுத் திருத்துவதில் மூழ்கிப்போனார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தார்.

“உங்களுக்கென்ன சார், எட்டு வரைக்கும் எண்ணணும். அவ்வளவுதானே!”

டீச்சர் ஒரு நோட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். நாலு அடி நடை. இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று. ஒரு கைதட்டல். கடைசி எண்ணிக்கைக்கு அசையாமல் நிற்பது. அடியில் சிவப்பு மையில்: ‘வாயால் எண்ண வேண்டாம். எதிரே நின்று நீங்களும் ஆடிக்காட்டுங்கள்.’

வாத்தியார் சொன்னதைச் செய்கிற மனிதர். வீட்டில், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, வானொலியை வைத்துக்கொண்டு நாலு நாள் பழகினார்.

எட்டிப் பார்த்த மனைவி, “என்னங்க, கால் மரத்துப்போச்சா?” என்றாள்.

“தாளம் பழகறேன்.”

“அப்படியா,” என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்துவிட்டாள். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதே.

இப்போது பிரச்சினை குருவி. பாட்டு சரியாகக் காதில் விழவில்லையோ என்று அவளை முன் வரிசைக்கு, நட்டநடுவில், ஆடிக்காட்டுகிற தனக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். அங்கேயும் ‘தொப்’ பின்னாலேயே வந்தது.

மறுநாள் சாக்பீஸால் தரையில் கால் தடங்கள் வரைந்தார். முப்பத்திரண்டு பேரும் தலையைக் குனிந்து தடத்தைத் தேடிக்கொண்டே சுற்றினார்கள். ஆறாவது எண்ணிக்கையில் பத்து மண்டைகள் மோதின. இரண்டு பேருக்கு நெற்றி வீங்கியது. மாலையில் ஒரு அம்மா வந்து, “நடனம்னு சொன்னாங்க சார், மல்யுத்தமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்து, அலுவலகத்திலிருந்து பித்தளை மணியை வாங்கி வந்தார். தாளத்தைக் காதுக்குள் தள்ளிவிடலாம் என்ற எண்ணம். மூன்று தரம் அடித்திருப்பார். பக்கத்து அறையில் ஒன்றாம் வகுப்பு பையை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டை நோக்கி ஓடியது. காவலாளியும் இரண்டு டீச்சர்களும் ஓடிப்போய் ஒவ்வொருவராகப் பிடித்து வருவதற்குள் அந்தப் பீரியடே முடிந்துவிட்டது. மணியைத் தலைமை ஆசிரியை தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

வாத்தியார் ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு யோசித்தார். வகுப்பிலேயே நன்றாக ஆடுகிற பெண் முதல் பெஞ்சுக்காரி. குருவியின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

“இவ எப்போ கால் வைக்கணுமோ, அப்போ நீ கையை ஒரு இழு இழுக்கணும். சரியா?”

“சரி சார்.”

இரண்டு பேரும் காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டார்கள். பாட்டு ஆரம்பித்தது. முப்பது கால்கள் விழுந்தன. பிறகு இரண்டு கால்கள், ‘தொப்’.

“நீயுமா?” என்றார் வாத்தியார்.

முதல் பெஞ்சுக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவசரப்பட்டு ஜோடியை மாற்றினார். மறுநாள் நாலு பேர். மறுபடி மாற்றினார். எட்டுப் பேர். அம்மை நோய்கூட இவ்வளவு வேகமாகப் பரவி அவர் பார்த்ததில்லை. இரட்டிப்பாவதைக் கரும்பலகையில் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்தவர், இப்போதுதான் அதற்குப் பயந்தார்.

விழாவுக்கு நாலு நாள் இருந்தபோது மனசைக் கல்லாக்கிக்கொண்டு குருவியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாட்டுப்பெட்டி பட்டனை அமுக்க நம்பிக்கையான ஆள் வேணும். நீ பண்றியா?”

“அப்போ நான் ஆட வேணாமா சார்?”

“இந்தத் தடவை மட்டும்...”

அவள் அழவில்லை. ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு, பெட்டி பக்கத்தில் போய் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு வாத்தியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து, மூடி, அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி டப்பாவைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் குருவி பட்டனை அமுக்கினாள். பாட்டு ஆரம்பித்தது. முதல் தாளம் வந்தது, போனது. ஒருவரும் அசையவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தொரு கால்களும் சேர்ந்து, ‘தொப்’.

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக அவர் கணக்கு வாத்தியார். எல்லா எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் வித்தியாசம் மாறாது என்பது கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்தது. எல்லோருமே தாமதம் என்றால், யாருமே தாமதமில்லை. அப்படியென்றால் அந்தச் சின்ன உருவத்தை மட்டும் எதற்கு மூலையில் உட்கார வைக்க வேண்டும்?

“குருவி, இங்க வா. உன் இடத்துல நில்லு.”

அவள் வந்த வேகத்தில் பாட்டுப்பெட்டியின் ஒயர் காலில் மாட்டி, பெட்டியும் கூடவே வந்தது.

விழா நாளில் வாத்தியார் மேடைக்குக் கீழே, பிள்ளைகள் மட்டும் பார்க்கிற மாதிரி, திரையோரமாக ஆடிக்காட்டத் தயாராக நின்றார். சட்டைக் காலர் வேர்வையில் நனைந்துவிட்டது. பாட்டு எழுந்தது. முதல் தாளம் வெறுமனே கடந்து போனது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு முப்பத்திரண்டு கால்கள் ஒரே சமயத்தில் இறங்க, மேடைப் பலகை அதிர்ந்தது. நடை, சுற்று, கைதட்டல். தாளம் முடிந்த பிறகு விழுந்த கடைசிக் கைதட்டல், அமைதியான கூடத்தில் பளீரென்று கேட்டது. அசையாமல் நின்றார்கள். ஒரு தலைகூட மோதவில்லை.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

“ஒரு நொடி காக்க வெச்சீங்களே சார்! எனக்குப் புல்லரிச்சிடுச்சு,” என்றார் தலைமை ஆசிரியை. அன்றைக்கே மணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது.

கைக்குழந்தையோடு வந்திருந்த நடன டீச்சர், “இதை நான் நோட்டுல எழுதவே இல்லையே சார், எப்படித் தோணுச்சு?” என்று கேட்டார். வாத்தியார் குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

கூட்டம் கலைகிறபோது, வேலையிலிருந்து நேராக வந்திருந்த ஒருவர், சட்டையெல்லாம் பெயின்ட் தெறித்திருக்க, தோளில் குருவியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார். பிள்ளை ஏற்கெனவே தூங்கிப்போயிருந்தாள்.

“ரொம்ப நன்றிங்க சார். நான் அவ அப்பா.”

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு நல்ல பிள்ளை, அடுத்த வருடமும் கஷ்டப்படக் கூடாதே. குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா தங்கம். தாளம் மட்டும் கொஞ்சம் பிடிபடல. ஒரு அடி பிந்துது. வீட்ல பழக்கிவிட்டா சரியாயிடும்.”

அப்பா சங்கடமாகச் சிரித்தார். தூங்குகிறவளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“வீட்ல டாண் டாண்ணு சரியாத்தான் சார் ஆடுறா. ‘ஸ்கூல்ல மட்டும் ஏன்டி பிந்துற’ன்னு கேட்டா, ‘சார் மட்டும் தனியா பின்னாடி வர்றாருப்பா, பாவம், துணைக்கு யாராவது வேணாமா’ங்கறா.”