எந்த வெள்ளி, சேர்?

சட்டம் போடுகிற ஆசை சிலருக்குப் பிறவியிலேயே வந்துவிடும். எனக்கு அது முதல் நியமனக் கடிதத்தோடு வந்தது. (வீட்டில் என் சொல்லை ஒருவரும் கேட்பதில்லை. ஒரு பாடசாலையே கேட்கிறது என்றால் மனிதன் சும்மா இருப்பானா?) கல்முனைக்குத் தெற்கே, கடற்கரையோரம் இருக்கிற எங்கள் ஊர்ப் பாடசாலையில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் அதிபர் கூப்பிட்டார்.

“தம்பி, பெற்றாருக்கு ஒரு கைநூல் எழுதணும். நேரசூசி, ஒழுங்கு, புள்ளையளுக்கு என்னென்ன வசதி இரிக்கி எண்டு சின்னதா ஒண்டு. உங்களுக்குத்தான் நல்ல தமிழ் வருமே.”

‘சின்னதா’ என்ற சொல் மட்டும் என் காதில் விழவில்லை.

எழுதித் தள்ளினேன். காலை ஏழரைக்குக் கேட் பூட்டப்படும். பெற்றார் ஆசிரியரைச் சந்திப்பது புதன்கிழமை மட்டும், அதுவும் இடைவேளைக்குப் பின்னர். மறந்துபோன சோற்றுப் பார்சலை மதிலுக்கு மேலால் எறிவது முற்றாகத் தடை. (சிரிக்காதீர்கள். எங்கள் பின்மதிலுக்கு மேலால் பார்சல் பறப்பது அன்றாட நிகழ்ச்சி. ஒருமுறை விஞ்ஞான ஆசிரியரின் தோளில் மீன் ஆணம், குழம்பும் துண்டுமாக, வந்து இறங்கியது.) பிறகு ‘சேவைகள்’ என்று ஒரு பகுதி. விளையாட்டுச் சாமான் அறையில், வலைப்பந்துகளுக்கு நடுவே உட்கார ஒரு கதிரை கிடந்தது. அதை ‘உளவளத் துணைச் சேவை நிலையம்’ என்று எழுதினேன்.

அதோடு நின்றேனா? கேட்டில் ஒரு பலகையும் அடித்தேன். ‘தாமதமாக வருவோர் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கப்படமாட்டார்கள்.’ நீல மையில், என் சொந்தக் கையெழுத்தில். பாடசாலை முடிந்த பிறகு கேட் திறப்பு, அதாவது சாவி, ‘பொறுப்பாசிரியரிடம்’ மட்டுமே இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. பொறுப்பாசிரியர் யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்.

இந்தக் கைநூலைப் பெற்றாருக்கு அறிமுகம் செய்ய ஒரு கூட்டம் வைக்கத் தீர்மானித்தோம். பகலில் கூட்டம் வைத்தால் உம்மாமார்தான் வருவார்கள். வாப்பாமார் கடலில், வயலில், கடையில். ஆகவே இரவில் வைப்போம், பொழுதுபட மஃரிப் தொழுதுவிட்டு எல்லோரும் நேரே வரட்டும் என்றார் அதிபர். அறிவித்தல் எழுதும் பொறுப்பு, கேட்கவும் வேண்டுமா, எனக்கு.

இங்கே என் கலியாணக் கதையையும் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண், அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தார். படம் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பிடித்துவிட்டது. பெண்ணின் வாப்பா கபூர் ஹாஜியார், கல்முனை பஸாரில் சாரன், லுங்கி விற்கிற கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். ஆக, ஹாஜியார் மகளைக் கொடுக்கப் பார்க்கவில்லை, காலம் முழுக்கத் தன் வீட்டில் சோறு தின்னப்போகிற ஒருவனை எடுக்கப் பார்த்தார். மனிதர் அவசரப்படாததில் நியாயம் இருந்தது.

“பொடியன ஒருக்கா வேலையில வச்சுப் பார்க்கணும்” என்று தரகரிடம் சொல்லிவிட்டாராம். “என்ட சின்ன மகளும் அங்கதானே படிக்காள். கூட்டத்துக்கு வாறன். பார்த்துட்டுச் சொல்றன்.”

அதாவது, கூட்டம் நல்லபடி நடந்தால் எனக்குக் கலியாணம். நாசமானால் இல்லை. விசயம் இவ்வளவுதான்.

அறிவித்தலை ஒன்பது தரம் திருத்தி எழுதினேன். தேவையில்லாத ஒரு சொல்கூட இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் திகதியை வெட்டினேன். கிழமை இருக்கும்போது திகதி எதற்கு? கடைசியில் தங்கக் கட்டி போல ஒரு வசனம் நின்றது. ‘எதிர்வரும் வெள்ளி இரவு, மஃரிப் தொழுகையைத் தொடர்ந்து, பாடசாலை மண்டபத்தில்.’ பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன். பள்ளிவாசலுக்கும் ஒரு பிரதி போனது.

வியாழக்கிழமை பகல் அதிபர் கேட்டார், “கூட்டத்துக்கு எல்லாம் ரெடியா தம்பி?”

“எல்லாம் ரெடி சேர். கதிரை, மைக், கடையில ரோல்ஸ், எல்லாத்துக்கும் சொல்லியாச்சு.”

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் என் வசனம் ஒரு சொல் மாறாமல் வாசிக்கப்பட்டது. நான் வீட்டு வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் தமிழ் ஊருக்கு மேலே மிதந்து போவதைக் கேட்க நெஞ்சு விம்மியது.

மறுநாள் மாமனார் பார்க்கப்போகிற முகம் அல்லவா? மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் என் தங்கச்சி கடலை மாவும் தயிரும் மஞ்சளும் குழைத்து என் முகத்தில் அப்பிவிட்டாள். “கதைக்காம இருங்க காக்கா, வெடிச்சிரும்” என்றாள். நான் சாரனோடு சாய்ந்து கிடந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. அதிபர்.

“தம்பி, எங்க நிக்கிறீங்க?”

“வீட்ட சேர்.” (உதட்டை அசைக்காமல்.)

“வீட்டயா? இஞ்ச கேட்டடியில ஊரே நிக்கிது! திறப்பு உங்கட கையில.”

“ஏன் சேர்? என்ன நடந்த?”

“என்ன நடந்தவா? இண்டைக்குக் கூட்டம் மன!”

“கூட்டம் நாளைக்கு சேர். நாளைக்குத்தானே வெள்ளி.”

கடல் இரைச்சலும் சனத்தின் இரைச்சலும் போனுக்குள் கேட்டன.

“நீங்க எழுதின வெள்ளி இரவு எண்டுதானே?” என்றார் மிக மெதுவாக. “மஃரிபோட வெள்ளி இரவு துவங்கிட்டுது தம்பி. நீங்க எந்த ஊரு?”

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்களுக்கு நாள் பிறப்பது நள்ளிரவில் அல்ல, மஃரிபில். சூரியன் விழுந்ததும் அடுத்த நாள் வந்துவிடும். ஆகவே வியாழக்கிழமை பொழுதுபட்டால் அது வெள்ளி இரவு. கலியாண அட்டையில்கூட ‘வியாழன் பின்னேரம், வெள்ளி இரவு’ என்றுதான் போடுவோம். வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் அது சனி இரவு. இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? வெள்ளி இரவு யாஸீன் ஓத வேண்டும் என்று உம்மா சின்ன வயதிலிருந்து இழுத்து இருத்துவதும் வியாழக்கிழமைதான்! வாயால் பேசும்போது நான் ஊர்க்காரன். பேனையைப் பிடித்தால் மட்டும் சுவரில் தொங்குகிற கலண்டர் ஆகிவிடுவேன்.

அல்லாஹ்வே என்று எழும்பினேன். முகத்தைச் சாரன் நுனியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பாய்ந்தேன்.

கேட்டடியில் உண்மையாகவே ஊர் நின்றது. உம்மாமார் ஒரு பக்கம், வாப்பாமார் ஒரு பக்கம், நடுவில் கச்சான் கடலை விற்கிறவர் வேறு கடை விரித்துவிட்டார். கூட்டத்தின் முன்னால், வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக கபூர் ஹாஜியார். போன் வெளிச்சத்தைப் பலகையில் பிடித்து எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார்.

“‘தாமதமாக வருவோர் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கப்படமாட்டார்கள்.’ நல்ல தமிழ். ஆரு இத எழுதின?”

“அந்தா வாறாரே, அவருதான்” என்றார் ஒருவர்.

வெளிச்சம் பலகையிலிருந்து என் முகத்துக்குத் திரும்பியது. அங்கேயே நின்றது. சனம் முழுதும் பார்த்தது. “சேருக்கு என்ன, மஞ்சக் காமாலையா?” என்று ஒரு உம்மா உண்மையான கவலையோடு கேட்டார்.

நான் ஸலாம் சொன்னேன். திறப்பை எடுக்க இடுப்பைத் தடவினேன். சாரனில் ஏது பொக்கெட்? திறப்பு வீட்டில், காற்சட்டைப் பொக்கெட்டில். தங்கச்சிக்குப் போன் பண்ணி, திறப்பை ஓட்டோவில் கொண்டுவா என்று கெஞ்சினேன். எந்தத் திறப்பு என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே காற்சட்டையையே கொண்டுவந்தாள். ஓட்டோவிலிருந்து இறங்கி, அதை ஒரு காலில் பிடித்து உயர்த்திக்கொண்டு, “காக்கா, இந்தா உங்கட களுசான்!” என்று சனத்துக்கு நடுவால் வந்தாள். நான் செத்துப்போயிருந்தால் அன்று சந்தோசப்பட்டிருப்பேன்.

ஒருவாறு கேட் திறந்தது. உள்ளே கதிரை இல்லை, மைக் இல்லை, ரோல்ஸ் இல்லை. எல்லாம் நாளைக்கு. வாப்பாமாரே வகுப்புகளுக்குள் போய் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைத் தூக்கி வந்து போட்டார்கள். ஒருவர் குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதினார். நான் எழும்பி, மஞ்சள் முகத்தோடு கைநூலைத் திறந்தேன். முதலாம் விதியின் தலைப்பு என்ன தெரியுமா? ‘நேரம் தவறாமை.’

மண்டபம் வெடித்தது. அதிபர் கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்க்கப் பார்க்க என் கலியாணம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

“சேர்,” என்று ஒரு உம்மா எழும்பினார். “இந்த நேரசூசில புதன் எண்டு போட்டிரிக்கே, அது எந்தப் புதன்? எங்கட புதனா, உங்கட புதனா?”

மறுபடி சிரிப்பு. இந்தமுறை எனக்கும் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரித்ததும் சனத்துக்கு என்மேல் இருந்த பயம் போய்விட்டது போல. கடலுக்குப் போகாமல் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு மீனவர் எழும்பி, “சேர், புதன்கிழமை பகல் நாங்க கரையில இரிக்க மாட்டம். வெள்ளி கடலுக்குப் போறல்ல, ஜும்ஆவுக்கு முதல் ஒரு நேரம் தந்தா நாங்களும் வந்து புள்ளையப் பத்திக் கதைக்கலாம்” என்றார். மூன்று மாதமாகக் கைநூல் எழுதிய எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த இடத்திலேயே விதியை வெட்டி எழுதினேன். சோற்றுப் பார்சலுக்குக் கேட்டடியில் ஒரு மேசை என்று முடிவாயிற்று. இரவுத் தொழுகை இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை ஒருவர் மாறி ஒருவர் பேசினார்கள். அப்படி ஒரு பெற்றார் கூட்டம் எங்கள் பாடசாலையில் நடந்ததே இல்லை என்று அதிபர் சொன்னார். ஹாஜியார் ஒரு சொல்லும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மாலை கதிரை வந்தது, மைக் வந்தது, ரோல்ஸ் வந்தது. கலண்டர் பார்க்கிற பெற்றாரும் கொஞ்சப் பேர் வந்தார்கள். (என்னைப் போலவும் ஊரில் ஆட்கள் இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.) கூட்டத்தை இரண்டாம் தரமும் வைத்தேன். பேசிக்கொண்டே பார்க்கிறேன், கடைசி வரிசையில் ரோல்ஸ் கடித்துக்கொண்டு கபூர் ஹாஜியார்.

முடிந்ததும் பயந்து பயந்து கிட்டப் போனேன். “ஹாஜியார், நீங்க நேத்தும் வந்தீங்களே?”

“ஓம். உங்கட வெள்ளி எப்பிடி இரிக்கி எண்டும் ஒருக்கா பார்த்துட்டுப் போவம் எண்டுதான்” என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். காதடியில் மஞ்சள் இன்னும் போகவில்லை. “நேத்து வெட்கத்துல ஓடிருவீங்க எண்டு நினைச்சன். நிண்டுட்டீங்க. வீட்ட சொல்லி அனுப்புறன்.”

சொல்லி அனுப்பினார். ஒரு நிபந்தனை மட்டும்: “கலியாண அட்டைய மாப்பிள்ள எழுதப்படாது.” அவரே எழுதினார், திகதி, கிழமை, பின்னேரம், இரவு எல்லாம் போட்டு. அப்படியிருந்தும் நம்பிக்கை வராமல், கலியாணத்துக்கு முதல் நாளே எனக்கு மச்சான் முறையான ஒருவரை அனுப்பி என் வீட்டில் காவல் இருத்தினார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு வெள்ளி. குழாயைத் திருத்துகிறேன், வெள்ளிக்கிழமை என்று சொன்னால், “வாப்பாட வெள்ளியா? அப்ப ஒரு நாள் பிந்தும்” என்பாள் மகள். அவள் இப்போது அதே பாடசாலையில்தான் படிக்கிறாள். அவள் பிறந்தது ஒரு வியாழக்கிழமை, மஃரிபுக்குக் கொஞ்சம் பிந்தி. ஆஸ்பத்திரி வாசலில், இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட ஹாஜியார்தான் முதலில் கேட்டார், “மருமகன், புள்ள எண்டைக்குப் பிறந்த?”

எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். தாதி எழுதியதைப் பார்த்தேன், வியாழன் என்று இருந்தது.

“வெள்ளி, மாமா” என்றேன்.

மாமா என் தோளைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டார். “இப்பதான் மருமகன், நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆள்!”