கரண்டு போனால் கேட்கும் காது

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் அதில் "கொஞ்சம்" என்ற சொல் இருக்காது.

அந்த வாய்க்காகத்தான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது. தொண்ணூறுகளின் கடைசி. துடியலூரில் வீடு வீடாகச் சோப்புத்தூள் விற்றுக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு, பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் சின்னப் பெட்டி ஒன்று புதிதாக வந்திருந்தது. தாயும் சேயும் வீட்டுக்குக் கிளம்புமுன் குழந்தையின் காதில் ஒரு குழாயை வைத்துப் பார்ப்பார்கள். பெட்டிக்குத் திருப்தி இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். வீட்டில் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதோடு சரி, வரமாட்டார்கள். தேடிப் போய், பேசி, கூட்டி வர ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பரிசோதனை செய்யும் ஸ்டெல்லா மேடம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீங்க டெஸ்ட் பண்ண வேண்டாம். கூட்டிட்டு வந்தாப் போதும்." (தெளிவாகத்தான் கேட்டது. என் காதில் குறை ஒன்றும் கிடையாது.)

முதல் மாதத்திலேயே கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டு முகவரி வந்தது. குழந்தைக்கு இரண்டு மாதம். பெயர் திவ்யா. அம்மா சுகந்தி. ஆனால் அந்த வீட்டில் எதற்கும் முடிவு சொல்கிறவர் சுகந்தியின் மாமனார் பழனிசாமி. எட்டு விசைத்தறி ஓடும் கொட்டகை, அதை ஒட்டியே வீடு. குழந்தையின் சேலைத் தொட்டிலைக் கொட்டகை வாசலோரத்து விட்டத்தில் கட்டியிருந்தார்கள். எட்டுத் தறியும் சேர்ந்து போடுகிற சத்தத்தில் நான் சொன்ன வணக்கம் எனக்கே கேட்கவில்லை. குழந்தையோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்குதுங்க தம்பி," என்று பழனிசாமி என் காதருகே கத்தினார். "தறி ஓடுற வரைக்கும் தூங்குவா. கரண்டு போய்த் தறி நின்னுதுன்னா டக்குன்னு எந்திரிச்சுக்குவா. கேக்காமயா எந்திரிக்கறா?"

சொல்லி வைத்ததுபோல் பதினொரு மணிக்குக் கரண்டு போனது. தறிகள் நின்றன. தொட்டில் அசைந்தது. திவ்யா வீறிட்டு அழுதாள்.

நான் அசந்துபோனேன். பெரிய பெரிய டாக்டர்களுக்குத் தோன்றாத ஒன்றை ஒரு தறிக்கொட்டகையில் கண்டுபிடித்துவிட்ட பூரிப்பு. குழந்தையைத் தூக்க வந்த சுகந்தி, மாமனார் காதில் விழாதபடி மெல்லச் சொன்னாள்: "ஏனுங்கண்ணா, போன ஞாயித்துக்கெழமை தறி ஓடலீங்க. தொட்டலுக்குப் பக்கத்துலயே எவர்சில்வர் சொம்பு உளுந்துச்சுங்க. எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. இவ அசையவே இல்லீங்க."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அம்மணி, எட்டுத் தறிச் சத்தத்துல வளர்ற குழந்தைக்குச் சொம்பெல்லாம் ஒரு சத்தமா?" என்றேன். பழனிசாமி சிரித்தார். வேலையாட்கள் சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. நான் பதிவேட்டைப் பிரித்து, "காது நன்றாகக் கேட்கிறது. நேரில் கண்டேன்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்போடு சாப்பாடு. கிளம்பும்போது ஒரு பை நிறைய முருங்கைக்காய் வேறு.

மறுநாள் ஸ்டெல்லா மேடம் அந்தக் கோடுகளையே வெகுநேரம் பார்த்தார்.

"தொட்டில் எங்க கட்டியிருக்கு?"

"தறிக்கொட்டகை விட்டத்துலங்க மேடம்."

"தறி ஓடுறப்ப விட்டம் அதிருமா?"

"விட்டம் என்னங்க, குடிக்கற டீயே டம்ளர்ல ஆடுது."

மேடம் பேனாவை மூடிவைத்தார். நாள் முழுக்கத் தாலாட்டுகிற அதிர்வு திடீரென்று நின்றால் காது கேட்காத குழந்தையும் விழித்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "காது கேக்கலைன்னா சீக்கிரமே கருவி மாட்டணும். தள்ளிப்போகப் போகப் பேச்சு வர்றது கஷ்டம்," என்றார். அந்தச் சொம்பு விழுந்த சத்தம் அப்போது எனக்குக் கேட்டது.

இரவெல்லாம் தூக்கமில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். போய் முக்கால் மணி நேரம் மழை, நூல் விலை, அவிநாசி ரோட்டுக் குழி எல்லாவற்றையும் பேசினேன். கடைசியில் சுகந்திதான் கேட்டாள்: "அண்ணா, எளுதுனது தப்புங்களா?"

"தப்புதான் அம்மணி," என்றேன். என் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய பேச்சு அதுதான்.

பழனிசாமிக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏனுங்க சார், முந்தாநேத்துக் கேக்குதுன்னு எளுதிப்போட்டீங்க. நானும் ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். இன்னைக்குக் கேக்கலைங்கறீங்க. நாளைக்கு வந்து இது கொழந்தையே இல்லைம்பீங்களாட்ட இருக்குது."

அதிர்வு என்றேன். அவர் நம்பவில்லை. வேறு வழி தெரியாமல் சொன்னேன்: "என் காதைக் கட்டிப்போட்டுப் பாருங்க. கண்ணையும் மூடிக்கறேன். தறி நின்னதும் கையைத் தூக்கறேன்."

கழிவுப் பஞ்சை இரண்டு காதிலும் திணித்து, மேலே ஒரு துண்டால் தலையைச் சுற்றிக் கட்டினார்கள். "பல் புடுங்கிட்டு வந்தவராட்ட இருக்கறீங்க," என்று தறி ஓட்டுகிற அக்கா ஒருத்தி சொன்னதுதான் நான் கடைசியாகக் கேட்டது. கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டிலைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். தறிகள் ஓடின. கட்டில் முதுகை மெல்லக் குலுக்கியது. இரவெல்லாம் விழித்த உடம்பு, விடியற்காலைப் பஸ் வேறு.

தூங்கிப்போனேன்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்து குறட்டை விட்டேனாம். பழனிசாமி "சார்" என்று கூப்பிட்டாராம். பிறகு "தம்பி" என்றாராம். பிறகு மரியாதையில்லாமல் ஏதோ சொன்னாராம் (என்னவென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை). தாம்பாளத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் தட்டினார்களாம். அக்கம்பக்கத்துச் சனம் கூடிவிட்டது. நான் அசையவில்லை. கடைசியில் பழனிசாமி போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

எட்டுத் தறியும் நின்றன. நான் துள்ளி எழுந்து உட்கார்ந்து, "கண்டக்டர், கருமத்தம்பட்டி வந்துருச்சுங்களா?" என்றேன்.

கொட்டகையே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டிருந்த சுகந்தி. மற்றவர் பழனிசாமி. அவர் என்னைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். நடந்துபோய் விட்டத்துக்கடியில் நிற்கும் மரத்தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "சுவிட்சப் போடுங்க," என்றார். தறிகள் ஓடின. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுகந்தியிடம் வந்து, "கெளம்பு கண்ணு. நானும் வாரேன்," என்றார்.

பெட்டிக்கு இம்முறையும் திருப்தி இல்லை. பெரிய பரிசோதனையும் அதையேதான் சொன்னது. திவ்யாவுக்கு ஆறு மாதம் முடிவதற்குள் அவள் நெஞ்சில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி தொங்கியது. அதிலிருந்து இரண்டு வயர் காதுக்குப் போனது. பழனிசாமி அதைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம், "எம் பேத்தி ரேடியோ கேக்கறா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றேகால் வயதில் அவள் "அப்பாரு" என்று தாத்தாவைக் கூப்பிட்ட அன்று, அந்த மனிதர் பட்டப்பகலில் எட்டுத் தறியையும் நிறுத்திவிட்டார். இன்னொரு தடவை கேட்பதற்காக.

என் வீட்டில் இன்றுவரை என்னை யாரும் கூப்பிட்டு எழுப்புவதில்லை. ஃபேனை நிறுத்திவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஃபேன் நின்றது. விழித்துப் பார்த்தால் சுவிட்சுப் பக்கத்தில் திவ்யா, கல்யாணப் பத்திரிகையோடு நிற்கிறாள். காதுக்குப் பின்னால் புதுக் கருவி, கூந்தலுக்குள் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. என் மனைவி அவளுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எந்திரிச்சுட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு, திவ்யா பத்திரிகை உறையின் மேல் பேனாவை வைத்தாள்.

"காது நன்றாகக் கேட்கிறது, நேரில் கண்டேன்னு எளுதிக்கட்டுங்களா? கோடு ஒண்ணு போதுங்களா, ரெண்டு போடட்டுங்களா?"