நாற்பது ஏக்கர் புல்லும் என் உடல்நிலையும்

அயோவா,
ஜூன் 19

அன்புள்ள லவோன் அக்காவுக்கு, தம்பி வெண்டல் எழுதுவது. நானும் டோரிஸும் சுகம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே "சுகம்" என்று எழுதியிருப்பதை இன்னொரு தடவை படிக்கவும். நான் சாகக் கிடப்பதாக யாரோ உனக்குப் போன் செய்தார்களாம். இல்லை. விமான டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

நடந்தது இதுதான். சாலையோர நாற்பது ஏக்கரைப் பத்து வருஷம் உழாமல் புல்லுக்கு விட்டால் அரசாங்கம் வருஷா வருஷம் பணம் தருகிறது. பறவைகள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில், ஆகஸ்ட் வரை, ஒரு புல்லைக்கூட வெட்டக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டேன். புல் நெஞ்சளவு வளர்ந்தது. சோள வரிசை கோணினாலே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் ஊர் இது. பக்கத்து வயல் ஆர்லின், காப்பிக் கடையில் எல்லார் முன்னாலும், "என்ன வெண்டல், வயலுக்கு முடி வெட்ட மறந்துட்டியா?" என்றான். சும்மா இருக்கப் பணம் வருகிறது என்று அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? "முட்டி முன்ன மாதிரி இல்லப்பா" என்றேன். மறுநாள், நோயாளி வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் சுட்டு வைத்த தட்டு ஒன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. சனிக்கிழமைக்குள் ஏழு. பெண்கள் டோரிஸிடம் தாழ்ந்த குரலில், "டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்கார்?" என்று கேட்டார்கள். "அவருக்கு என்ன கேடு, நாலு வேளை தின்னுட்டுத்தான் இருக்கார்" என்றாள். அவள் மனத்திடத்தை எல்லோரும் மெச்சினார்கள்.

செவ்வாய்க்கிழமை கண் டாக்டரிடம் போய்த் திரும்பினால், வயலில் தட்டு அனுப்பிய ஏழு வீட்டு டிராக்டரும். நாற்பது ஏக்கரும் சவரம் செய்த தாடை மாதிரி இருந்தது. ஆர்லின் தொப்பியைக் கழற்றி, "உன் வயல் இப்படிக் கெடக்க நாங்க பாத்துட்டு இருப்போமாடா?" என்றான். அவன் கண் கலங்கியது. என் கண்ணும் கலங்கியது, காரணம் வேறு. நன்றி சொன்னேன்.

நேற்று, பணம் தரும் அரசாங்க அலுவலகத்திலிருந்து கிரெட்சன் என்ற பெண் சோதனைக்கு வந்தாள். "யார் வெட்டினது, மிஸ்டர் ஷ்ரோடர்?" பெயர் சொன்னால் அபராதம் அவர்களுக்கு. சொல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, வாங்கிய மூன்று வருஷப் பணமும் வட்டியோடு திரும்பப் போகும். அவள் உட்கார்ந்திருந்த எங்கள் சமையலறையில் ஏழு தட்டும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் உரியவர் பெயர் ஒட்டி. டோரிஸ் பேசிக்கொண்டே, பெயர் அவள் கண்ணில் படாதபடி ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். தின்ற வாய் காட்டிக் கொடுக்காது அக்கா. நான் கல்லு மாதிரி இருக்கிறேன், தப்பு என்னுடையது என்று உண்மையைச் சொல்லிப் பணத்தைக் கட்டிவிடப் போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

உன் ஆரோக்கியமான தம்பி,
வெண்டல்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் கிரெட்சன் போன் செய்தாள். நிலத்துக்காரர் கடும் நோயில் கிடந்து, அக்கம்பக்கத்தார் விதி தெரியாமல் வெட்டி உதவியிருந்தால் மன்னிப்பு உண்டாம், அதற்கொரு படிவமும் உண்டாம். நான் "முட்டி" என்று மட்டும் எழுதினேன். மீதியை நம் தேவாலயப் போதகர் நிரப்பினார். சாட்சியாக ஆர்லின் முதல் ஏழு பேரும் மனப்பூர்வமாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். டிக்கெட்டைத் திருப்பியிருந்தால் மறுபடி வாங்கு. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு. முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள். பசியோடு வா, எட்டாவது தட்டும் வந்துவிட்டது.