மகாதேவன் பொயிலர் தெரிவு செய்த விதம்

மகாதேவன் ஒரு சாமான் வாங்க வெளிக்கிட்டால் அந்தச் சாமானுக்கே நடுக்கம் பிடித்துவிடும். கிளேட்டனில் மாத்திரை செய்கிற தொழிற்சாலையொன்றில் பதினேழு வருடமாகத் தரப் பரிசோதகர். நல்ல மாத்திரையைக் கண்டாலும் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். வேலை முடிந்ததும் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு வருவார். சந்தேகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

2005 மே மாதம் மெல்பேர்னில் குளிர் முந்திக்கொண்டு வந்தது. பேத்தியும் முந்திக்கொண்டு வந்தாள். மகள் ராஜகுமாரிக்குக் குறித்த நாளுக்கு ஏழு கிழமை முன்னரே பிரசவமாகிவிட்டது. பிள்ளை ஒரு கிலோ எழுநூறு கிராம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. நாலு கிழமையில் கொண்டுபோகலாம், ஆனால் வீடு கதகதப்பாக இருக்கவேண்டும் என்றார் டொக்டர். தாயும் பிள்ளையும் வருவதாக இருந்தது மகாதேவன் வீட்டுக்கு.

அதே கிழமை அந்த வீட்டின் பொயிலர் செத்துப்போனது.

வீட்டைக் கட்டிய கிரேக்கக் கிழவர் விட்டுவிட்டுப் போன பொயிலர் அது. குழாய்களில் சுடுதண்ணீரை ஓடவிட்டு, அறைக்கு அறை சுவரோரம் நிற்கிற இரும்புத் தகடுகளைச் சூடாக்கும். குளிக்கிற தண்ணீருக்குப் பின்வளவில் வேறொரு தாங்கி. பொயிலர் போன துக்கத்திலோ என்னவோ, மூன்றாம் நாள் தாங்கியும் வெடித்து ஒழுகியது.

பிளம்பர் ஸ்டாவ்ரோஸ் வந்து பார்த்தார். இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கொம்பி பொயிலர் பூட்டச் சொன்னார். ஒரே பெட்டி. வீட்டையும் சூடாக்கும், குளிக்கவும் தண்ணீர் தரும்.

"ஒரே பெட்டியோ?" மகாதேவனுக்கு அங்கேயே வியர்த்தது. "அது பழுதானால் ரெண்டும் போயிடுமே, பாமா!"

"இப்ப மட்டும் ரெண்டும் இருக்கோ?" என்றார் மனைவி சத்தியபாமா. அவருக்கு நூலகத்தில் வேலை. சத்தம் போடாமல் காரியம் முடித்துப் பழகியவர்.

"கொம்பி எண்டால் என்ன, அதுக்குக் கொம்பு முளைச்சிருக்கோ? நல்லா ஆராயவேணும். இஞ்சேரும், இந்த வீட்டிலை இதுவரைக்கும் எல்லாம் நீர் சொன்னபடிதான் நடந்தது. பொயிலரை நான்தான் தெரிவு செய்வன். நீர் வாயே திறக்கக்கூடாது."

"ஓம். செய்யுங்கோ."

அவ்வளவு சுலபமாக ஓம் வந்ததும் மகாதேவன் உசாராகியிருக்கவேண்டும். ஆகவில்லை.

ஆராய்ச்சி தொடங்கியது. மூன்று கடை ஏறி இறங்கினார். முதலாவது கடைக்காரர் இரண்டாவது கடையின் சாமான் குப்பை என்றார். இரண்டாவது கடைக்காரர் மூன்றாவதை. மூன்றாமவர் பெருந்தன்மையாக இரண்டையும். இன்டர்நெட்டில் தேடினார். இங்கிலாந்தில் யாரோ ஒருவருடைய பொயிலர் நத்தார் தினத்தன்று, நடுக்குளிரில், நின்றுபோன கதையை வாசித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

வேலை விட்டதும் நேரே ஆஸ்பத்திரி. கண்ணாடிப் பெட்டியில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் பார்ப்பார். பிள்ளையின் கால் பெருவிரல் அவருடைய சட்டைப் பொத்தானிலும் சின்னது. வீட்டில் கேத்திலில் கொதிக்க வைத்து வாளியில் ஊற்றிக் குளிக்கிறோம். இந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது?

ஆஸ்பத்திரி வாசலில் சத்தியபாமா நிற்பார். "சிஹாப்தீன் வீட்டிலை கொம்பி பூட்டியிருக்கினமாம். ஒருக்கால் போய்ப் பாருங்கோவன்."

சும்மா பார்த்தால் என்ன தெரியும்? மகாதேவன் துவாயும் சவர்க்காரமும் வெப்பமானியுமாகப் போனார். சிஹாப்தீன் பழைய சிநேகிதர், தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர். அவருடைய குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு மகாதேவன் கத்தினார்.

"சிஹாப்தீன் நானா! குசினிப் பைப்பைத் திறவுங்கோ!"

"திறந்தாச்சு!"

"முப்பத்தொன்பது... முப்பத்தெட்டு... இப்ப மற்றப் பைப்பையும் திறவுங்கோ! ஐயோ! குளிருது! மூடுங்கோ, மூடுங்கோ!"

குசினியில் சிஹாப்தீனின் மனைவி பக்ருன்னிசா சட்டி கழுவிக்கொண்டிருந்தார். "என்னங்க, அவருக்கு வீட்டுல ஏதும் கரைச்சலா?" என்று புருஷனிடம் மெதுவாகக் கேட்டார்.

அடுத்த நாள் சத்தியபாமா இன்னொரு விலாசம் தந்தார். அதற்கடுத்த கிழமை இன்னும் இரண்டு. மகாதேவன் மூன்று கிழமையில் ஆறு வீடுகளில் குளித்தார். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது. தமிழ்க் கடையில் ஒருவர் கையைப் பிடித்து, "அண்ணை, கஷ்டமெண்டால் சொல்லுங்கோ, கூச்சப்படாதேங்கோ" என்று கண் கலங்கினார்.

கடைசியில் பட்டியலில் இரண்டு மிஞ்சின. ஒன்று இத்தாலிப் பெட்டி. சின்னது, சாதாரணமானது, ஸ்டாவ்ரோஸ் அதைத்தான் ஊரெல்லாம் பூட்டுகிறார். மற்றது ஜெர்மன் பெட்டி. முகத்தில் சின்னத் திரை. தனக்கு என்ன வருத்தமென்று தானே எழுதிக் காட்டும். மகாதேவன் அதிலே மனத்தைப் பறிகொடுத்தார். உதிரிப்பாகம் கப்பலில் வர ஆறு கிழமை ஆகும் என்பதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

ஒரு சிக்கல். சத்தியபாமா எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனால் மகாதேவன் விரும்பிய எதுவும் இருபத்தெட்டு வருடத்தில் அந்த வீட்டு வாசல் தாண்டியதும் இல்லை. நீலத் திரைச்சீலை கேட்டார், மஞ்சள் வந்தது. அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றார், அவர்தான் மருமகன். ஆகவே ஒரு திட்டம் போட்டார். இத்தாலியைப் புகழ்வது. சத்தியபாமா வழக்கம்போல மறுபக்கம் போவார். அங்கே ஜெர்மனி காத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது தொடங்கினார்.

"பாமா, யோசிச்சுப் பாத்தன். இத்தாலிதான் திறம்."

"ஓ?"

"ஜெர்மன் பெட்டி சரிவராது. பெரிசு. திரை வேறை. எங்களுக்கேன் திரை? ரீவி இருக்குத்தானே."

"ஓம்."

"என்ன ஓம்?"

"நீங்கள் சொன்னாச் சரி. இத்தாலியே எடுப்பம்."

மகாதேவனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. "இல்லை... நல்லா யோசிச்சுச் சொல்லும். அவசரமில்லை."

"ஆறு வீட்டிலை குளிச்சுப்போட்டுச் சொல்லுறியள். அதுக்கு மேலை நான் என்ன யோசிக்க?"

"உமக்கு ஜெர்மன் பிடிக்குமெண்டால் நான் குறுக்கை நிக்கமாட்டன்..."

"வாயே திறக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அவர் சொன்னதுதான். மகாதேவன் கதிரையில் சாய்ந்தார். பொயிலர் இல்லாத வீட்டில் அவர் மட்டும் கொதித்தார். ஆனாலும் ஒரு நம்பிக்கை: பெட்டி வர மூன்று கிழமையாகும் என்று எல்லாக் கடையிலும் சொன்னார்கள். அதற்குள் ஏதாவது செய்து மாற்றிவிடலாம். உடனே அடுத்த பயம் பிடித்தது. மூன்று கிழமையென்றால், இந்தப் புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற பிள்ளை? ஆராய்ந்து ஆராய்ந்து காலத்தை அல்லவா தின்றுவிட்டார்!

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் வான் நின்றது. ஸ்டாவ்ரோஸ் இத்தாலிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மகாதேவன் அவர் நீட்டிய தாளை வாசித்தார். ஓர்டர் கொடுத்த திகதி: மே பன்னிரண்டு. கீழே சத்தியபாமாவின் கையெழுத்து, நூலகத்துக்காரியின் தெளிவான எழுத்தில்.

"பாமா! பொயிலர் செத்து ஒரு கிழமை கூட இல்லை, நீர் அண்டைக்கே..."

"ஸ்டாவ்ரோஸ் பக்கத்திலை, கிளேட்டனிலைதான் இருக்கிறார். பழுதானால் அரை மணித்தியாலத்திலை வருவார். நம்பிக்கையான பொயிலர் எண்டால் அதுதானேப்பா?"

"அப்ப நான் ஜெர்மன் எண்டு சொல்லியிருந்தால்?"

"சொல்லமாட்டியள். உங்களுக்கு ஒண்டு வேணுமெண்டால் மற்றதைப் புகழுவியள். நீலத் திரைச்சீலை கேட்டனீங்கள், அப்ப உங்களுக்கு மஞ்சள்தான் வேணுமாக்கும் எண்டு மஞ்சளை எடுத்தன். எனக்கு நீலம்தான் விருப்பம்."

மகாதேவன் அந்தப் பழைய கணக்கை விரல்விட்டுக் கூட்டிக் கழித்தார். "அப்ப என்னத்துக்கு என்னை வீடுவீடாக் குளிக்க விட்டனீர்?"

சத்தியபாமா குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கால் நேர்ஸைக் கூப்பிட்டியள். ராஜி உங்கடை முகத்தைப் பாத்துப் பாத்து அழுதவள். உங்களுக்கும் பயம், எனக்கும் பயம். ஒரு ஆளாவது ஓடித் திரிஞ்சால் நல்லம் எண்டு நினைச்சன்."

மகாதேவன் ஸ்டாவ்ரோஸுக்குத் தேத்தண்ணி போடப் போனார்.

புதன்கிழமை மத்தியானம் பிள்ளை வந்தது. வீடு முழுக்கக் கதகதப்பு. சுடுதண்ணீர் ஒரே சீராக வந்தது. மகாதேவன் வெப்பமானியை மூன்று தரம் விட்டுப் பார்த்து, வேறு வழியில்லாமல் சரி என்றார். ஆனாலும் மனம் ஆறவில்லை. விறாந்தைச் சுவரில் சூடு கூட்டிக் குறைக்கிற வட்டத் திருகி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டார். பிள்ளை தும்மினால் கொஞ்சம் கூட்டினார். கன்னம் சிவந்தால் கொஞ்சம் குறைத்தார். ஒரு கிழமை லீவு போட்டு இதே வேலை. பிள்ளை நூறு கிராம் ஏறியது. தன் கையால்தான் ஏறியது என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டபடி ராஜகுமாரி வந்தாள்.

"பாத்தியே ராஜி, கால் பாகை கூட்டினன், உடனை நித்திரையாப் போனாள்!"

ராஜகுமாரி திருகியை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அது பழைய பொயிலரின்ரை, அதிலை வயர் இல்லை. புதுசு குசினிக்குள்ளை பூட்டியிருக்கு. இதைக் கழட்டவேண்டாம், அப்பாவுக்குத் திருக ஏதும் வேணும் எண்டு அம்மாதான் ஸ்டாவ்ரோஸிட்டைச் சொன்னவ."