இந்த வீட்டில் ‘என்னப்பா’ சொல்லக்கூடாது

வெள்ளவத்தையில் இருந்து கனடாவுக்குப் போன சனத்தில் அரைவாசி, கடதாசியாரின் கையெழுத்தில்தான் விமானம் ஏறியது. மிச்ச அரைவாசி அவரோடு கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனது.

அவர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, கோர்ட்டுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுக்கிற சத்தியக்கடதாசி என்று எது வந்தாலும் மூன்று மொழிக்குள் எதில் இருந்தும் எதற்கும் மாற்றி, சீல் குத்திக் கொடுப்பார். அதனால் எங்கள் ஒழுங்கையில் அவருக்குப் பெயர் சத்தியக்கடதாசி. அவ்வளவு நீளமாகச் சொல்ல நேரமில்லாதவர்கள் கடதாசியார் என்று சுருக்கினோம். முகத்துக்கு நேரே மட்டும் ‘அங்கிள்’.

மூலத்தில் இருப்பதற்கு ஒரு சொல் கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார். ஒருமுறை ஒரு அம்மா வந்து, மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம், பத்திரத்தில் தகப்பன் தொழில் ‘தோட்டம்’ என்றிருக்கிறது, அதை இங்கிலீஷில் ‘நில உரிமையாளர்’ என்று வருகிற மாதிரிப் போட்டுத் தரும்படி கெஞ்சினார். கடதாசியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, நான் பாஷையைத்தான் மாத்துவன். உங்கட மனுசனை மாத்த ஏலாது.”

நான் அவருக்கு எதிர் வீடு. வங்கி வேலையில் யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்து, அவர் இருந்த மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தட்டிலேயே தனியாக இருந்தேன். என் சிங்களம் பஸ்ஸில் ஏறவும் இறங்கவும் மட்டும் போதுமானது. ஒருநாள் குழாய் திருத்த வந்த, ‘பாஸ்’ என்று எல்லோரும் கூப்பிடுகிற சிங்கள வேலையாளுக்கும் எனக்கும் இடையில் மொழிபெயர்க்கக் கடதாசியாரைக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் செய்த பெரிய பிழைகளில் அதுவும் ஒன்று. பாஸ் குழாய்க்குக் கீழே தலையை விட்டபடி ஏதோ முணுமுணுத்தார். கடதாசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாடு என்னும் பொருள்படும் ஒரு சொல்லைத் தங்களைக் குறித்து அவர் பிரயோகிக்கிறார்” என்றார். எனக்குப் பொல்லாத கோபம். “உவருக்கு வேலை தெரியாது போல” என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். அதையும் சிங்களத்தில் மாற்றி அவரிடம் ஒப்படைத்துவிட்டார். பாஸ் சாமானைப் பொறுக்கிக்கொண்டு போனார். என் குசினிக் குழாய் இரண்டு கிழமை ஒழுகியது.

இப்படிப்பட்ட மனிதர்தான் போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு பூனைக்கு வீடு கொடுத்தார்.

சந்தி மீன் கடைப் பூனை அது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல். கடதாசியார் பாரைமீன் வாங்கிக்கொண்டு நின்ற நேரம், அவர் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு ஓட்டோ அதன் பின்னங்காலில் ஏறிவிட்டது. பூனை போய் வடிகாலுக்குள் பதுங்கியது. மீன் விற்கிற சிங்கள அண்ணன், எங்களுக்கு மீன்கார அய்யே, ஒரு மீன் தலையை நீட்டி, “என்ன, என்ன, கன்ன” என்று கூப்பிட்டாராம். சிங்களத்தில் ‘என்ன’ என்றால் வாருங்கள், ‘கன்ன’ என்றால் சாப்பிடுங்கள். வாடிக்கையாளரையே வா, போ என்கிற மனிதர், பூனைக்கு மட்டும் மரியாதை குறைக்கமாட்டார். பூனை நொண்டிக்கொண்டு வந்தது. ஐஸ் போடுகிற ரெஜிபோம் பெட்டியை அதன்மேல் அப்படியே கவிழ்த்துப் பிடித்து, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள்.

கால் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. “இனி இதைத் தெருவில விட ஏலாது, வீட்டோட பழக்குங்கோ” என்றார் வைத்தியர். முதலில் ஒரே அறை. ஒளிய ஒரு மறைவு. மணல் தட்டு. இழுத்து எடுக்கக்கூடாது, தானாக வரவேண்டும். பக்கத்தில் இருந்து மெல்லக் கதைக்கலாம், குரல் பழகும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்: பூனை மூன்று நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தால் ஈரல் பழுதாகிவிடும், பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

கடதாசியார் தான் பத்திரம் எழுதுகிற கந்தோர் அறையையே பூனைக்கு விட்டுக்கொடுத்தார். கதவில் ‘புதிய வரவு. அமைதி காக்கவும்’ என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினார். தமிழ் எழுத்துப்பிழை இல்லாத மும்மொழி அறிவித்தல் இந்த நாட்டிலேயே அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பத்திரம் கொண்டு வந்தவர்கள் வாசல் விறாந்தையில் நின்று, களவுக்கு வந்தவர்கள் மாதிரிக் குசுகுசுத்துவிட்டுப் போனார்கள்.

பூனை இரும்பு அலுமாரிக்குக் கீழே போனது. போனதுதான்.

முதல் நாள் சாப்பிடவில்லை. அவித்த மீன், பூனை பிஸ்கட், தகரத்தில் அடைத்த சூரை எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. இரண்டாம் நாளும் அப்படியே. வைத்தியர் கதைக்கச் சொன்னாரே என்று கடதாசியார் தரையில் சம்மணமிட்டு இருந்து நாள் முழுக்கக் கதைத்தார். “பிறந்தது மீன் கடை, வளர்ந்தது மீன் கடை. தாய்மொழி சிங்களம். தமிழில கதைச்சு அதைக் குழப்பக்கூடாது” என்பது அவருடைய முடிவு. ஆனால் அவருக்கு வருவது கோர்ட்டுச் சிங்களம். ‘மேற்குறித்த உணவை உட்கொள்ளுமாறு இத்தால் தயவுடன் வேண்டப்படுகிறீர்’ என்கிற தோரணையில் கேட்டால் எந்தப் பூனை வரும்?

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தவள் நேரே அங்கேதான் போனேன். கடதாசியாருக்கு முகம் வாடிப்போயிருந்தது. “இண்டைக்கும் இல்லை, பிள்ளை” என்றார். நான் குனிந்து அலுமாரிக்குக் கீழே பார்த்தேன். இரண்டு கண் மட்டும் தெரிந்தது. பாவமாக இருந்தது. வாய்க்கு வந்தபடி கொஞ்சினேன். “என்ன கண்ணா? என்ன கண்ணா?”

கிழிசல் காது வெளியே வந்தது. பிறகு மூக்கு. பிறகு முழுத் தலை.

“நீர் இப்ப என்ன சொன்னீர்?” என்று கடதாசியார் மூச்சு விடாமல் கேட்டார். “என்ன கண்ணா. என்ன கன்ன. வாங்கோ, சாப்பிடுங்கோ! நீர் சிங்களத்தில கூப்பிட்டிருக்கிறீர் பிள்ளை!”

தட்டுக்கும் பூனைக்கும் இடையில் ஒரு சாண்தான். அந்த நேரம் பார்த்துக் குசினியில் இருந்து அவருடைய மனைவி, எங்கள் அன்ரியின் குரல் வந்தது. “என்னப்பா! தேத்தண்ணி ஆறுது!”

தலை உள்ளே போனது.

கடதாசியார் குசினிப் பக்கம் மெல்லத் திரும்பினார். முப்பது வருஷத்துக்கு மேலாக இரண்டு மொழிக்கு நடுவில் உட்கார்ந்து உழைத்தவர், தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று அப்போதுதான் கேட்டார். சிங்களத்தில் ‘எப்பா’ என்றால் வேண்டாம். ‘என்ன எப்பா’ என்றால் வரவேண்டாம். அன்ரி ஒரு நாளைக்கு இருநூறு தரம் ‘என்னப்பா’ சொல்லுகிறவர். பூனை பாவம், மூன்று நாளாக அலுமாரிக்குக் கீழே கிடந்து ‘வராதே, வராதே’ என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

“அங்கிள், சத்தத்துக்குப் பயந்திருக்கும்” என்றேன்.

“ஊகம் எழுதக்கூடாது, பிள்ளை. பரிசோதிச்சுப் பாப்பம்.”

பரிசோதித்தோம். நான் ‘என்ன கண்ணா’ என்றேன், காது வந்தது. அவர் சைகை காட்ட, அன்ரி குசினியில் நின்று ‘என்னப்பா’ என்றார், காது போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. மூன்றாவது முறை அன்ரிக்குப் பொறுமை போய், “என்னப்பா விளையாட்டு இது!” என்று கத்த, பூனை கடைசிச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. கடதாசியார் குசினிக்குப் போனார். நான் சாட்சி.

“இஞ்சேரும், இண்டையில இருந்து இந்த வீட்டில ‘என்னப்பா’ எண்டு சொல்லக்கூடாது.”

“என்னப்பா சொல்லுறியள்?”

“அதைத்தான் சொல்லக்கூடாது எண்டுறன்.”

“எதை?”

“நீர் இப்ப சொன்னதை.”

“நான் என்னப்பா சொன்னனான்?”

விளக்கி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்ரி நியாயமான ஒரு கேள்வி கேட்டார். “அப்ப உங்களை நான் என்னெண்டு கூப்பிடுறது?”

அன்ரி புருஷனின் பெயரை வாயால் சொல்லாதவர். எங்கள் வங்கிக்கு வந்து, படிவத்தில் கணவர் பெயர் என்ன என்று நான் கேட்டபோது, கைப்பையில் இருந்து அவருடைய அடையாள அட்டையின் பிரதியை எடுத்துக் காட்டியவர். முதலில் ‘இஞ்சாருங்கோ’ என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஆனால் அவருக்கு ‘இஞ்சாருங்கோ’ வந்தால் பின்னாலேயே ‘என்னப்பா’வும் வந்துவிடும், இரண்டும் ஒரே சொல். கைதட்டினார். அவரையும் பூனையையும் ஒன்றாக வெருட்டியது. ஒருமுறை அவசரத்தில், “கடதாசியார்!” என்றே கூப்பிட்டுவிட்டார். தனக்கு ஒழுங்கையில் அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் மனிதருக்குத் தெரியவந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அன்ரி கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு வேலை இல்லை. எதிர் வீட்டில் சத்தமே இல்லை. கடதாசியார் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை அறையை விட்டு வந்து குசினியை எட்டிப் பார்ப்பார்.

“நீர் இருக்கிறீரோ?”

“இருக்கிறன்.”

“சரி.”

திரும்பிப் போய்விடுவார். பத்து மணியளவில் வாசலில் என்னைக் கண்டதும், “வீடு வீடு மாதிரி இல்லை, பிள்ளை” என்றார். “அந்தச் சொல்லை எந்தப் பாஷைக்கும் மாத்த ஏலாது. விடிய இருந்து யோசிச்சுப் பாத்திட்டன்.” பூனையும் இன்னும் சாப்பிடவில்லை. வைத்தியர் தொலைபேசியில், ஐந்து மணிக்குள் சாப்பிடாவிட்டால் கொண்டுவாருங்கள், சேலைன் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். திரும்பவும் அந்தப் பெட்டிக்குள் அடைத்தால் அது இனி ஆரையும் நம்பாது என்பதுதான் கடதாசியாருடைய பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

மூன்றரைக்குப் பெட்டி பிடிக்க உதவலாம் என்று போனேன். அன்ரி கதவைத் திறந்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அறை வாசலில் நிறுத்தினார்.

கடதாசியார் அலுமாரியில் சாய்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. மூன்று இரவு விழித்த மனிதர். அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் மீன் தட்டு. தட்டுக்கு முன்னால் மூன்று காலில் நின்று பூனை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், முள்ளைத் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டது.

அதை அவர் பார்க்க வேண்டும் என்று அன்ரி துடித்தார். கூப்பிட வாயெடுத்தார். “என்—” என்று தொடங்கியவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பூனையைப் பார்த்தார். நித்திரை கொள்ளுகிறவரைப் பார்த்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, அவருடைய பெயரைச் சொன்னார்.

பூனை தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தட்டில் வாய் வைத்தது.

கடதாசியார் கண்ணைத் திறந்தார். நாலு நாளாக எதற்காகத் தவம் கிடந்தாரோ அது அவருடைய முழங்காலடியில் நடந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

“இன்னொருக்காச் சொல்லும்” என்றார்.

“முதல்ல பூனையைப் பாருங்கோ” என்றார் அன்ரி. கழுத்து வரைக்கும் வெட்கம்.

அவர் நித்திரையாகிக் கதையை நிறுத்தியதால்தான் பூனை வெளியே வந்தது என்பது என் கட்சி. வைத்தியரும் அதைத்தான் சொன்னார். கடதாசியார் ஒப்புக்கொள்ளவில்லை, தடைச்சொல் நீங்கியதே காரணம் என்று இன்றைக்கும் வாதாடுவார். எப்படியோ, ஒரு மாதத்துக்குள் பூனை அறையில் இருந்து ஹோலுக்கும் ஹோலில் இருந்து குசினிக்கும் வந்து, தமிழும் பழகிவிட்டது. இப்போது ‘என்னப்பா’ என்றால் அது அசைவதில்லை. அங்கிளும் அசைவதில்லை என்பது அன்ரியின் முறைப்பாடு.

ஆனால் முதல் வாய் சாப்பிடும்போது கேட்ட அந்தப் பெயரைப் பூனை தன்னுடையது என்று எடுத்துக்கொண்டுவிட்டது. திருத்திப் பார்த்தார்கள், முடியவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குத் தேத்தண்ணி போட்டதும் அன்ரி குசினியில் நின்று ஒரேயொரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், இரண்டு பேரும் வருவார்கள். மூன்று காலில் பூனை முன்னால், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால்.

நான் இப்போது கிருலப்பனைக்கு வீடு மாறிவிட்டேன். வெள்ளவத்தையில் இருந்த கடைசி மாதங்களில், வீட்டில் நின்ற நாளெல்லாம் நாலு மணிக்கு என் வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். காற்றுக்கு என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தேன்.