இசட்-80 கட்சிக்காரர்

அரசியல் கட்சிக்காரர்களை உங்களுக்குத் தெரியும். சிப்புக் கட்சிக்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? தலை நரைத்த, பார்வைக்குச் சாதுவான பிராணி. வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் எட்டிப்பார்க்கத் தொடங்கிய காலத்தில், டிவியோடு இணைத்து ஓட்டிய அந்தச் சின்னப் பெட்டிகளுக்கு மூளையாக இருந்தவை முக்கியமாக இரண்டு எட்டு-பிட் சிப்புகள். ஒன்று இசட்-80, இன்னொன்று 6502. அந்தப் பெட்டிகளெல்லாம் பரணுக்குப் போய் எத்தனையோ காலமாயிற்று. கட்சிகள் மட்டும் கலையவில்லை.

நம் பல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வயதில் அவருடைய அப்பா வாங்கிக்கொடுத்த பெட்டிக்குள் இசட்-80 இருந்தது. அப்பா பக்கத்துக் கடைக்குப் போயிருந்தால் இவர் 6502-க்காக உயிரை விட்டிருப்பார். இதை அவரிடம் சொல்லிப் பாருங்களேன். வேண்டாம், பல் போய்விடும்! நோயாளியை நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் பஞ்சைத் திணித்து, எச்சில் உறிஞ்சும் குழாயைச் சொருகி, துளைக்கும் கருவியைக் கையில் எடுத்த பிறகுதான் மெல்லக் கேட்பார், "இசட்-80 தானே சார் உசத்தி?" நோயாளி "ஆ... ஆ..." என்பார். "பாத்தியாம்மா, இவரும் நம்ம ஆளு!" என்று நர்ஸிடம் பூரித்துப்போவார். அவர் கணக்குப்படி எதிர்க்கட்சி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

இருந்தது. மகள் காதலித்த பையனின் அப்பா.

பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் அந்த மனிதர் கல்யாணம் பேச வந்திருந்தார். மகள் காலையிலேயே டாக்டரை மடக்கிவிட்டாள். "அப்பா, உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். சிப்புப் பேச்ச மட்டும் எடுக்காதீங்க." பாவம், அவர் எடுக்கவில்லை. தேதி குறித்து, மண்டபம் முடிவாகி, காபியும் வந்த பிறகு, விருந்தாளிதான் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"சின்ன வயசுல எனக்கும் கம்ப்யூட்டர் பைத்தியம் சார். 6502-ஐ வெச்சுப் பாட்டே வாசிப்பேன்."

டாக்டர் கோப்பையை டக்கென்று தட்டில் வைத்தார். மகள் கண்ணால் கெஞ்சினாள். மனைவி காலை மிதித்தாள். கேட்டால்தானே?

"அது ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகத்துல நகருமே, அதுவா? நம்மது நாலு!"

"நாலு தடவ மூச்சு வாங்கி உங்காளு செய்யறத, எங்காளு ஒரே மூச்சுல முடிச்சிடுவான்."

"கணக்கு நடுவுல நம்பரப் புடிச்சு வெக்க உங்களுக்கு எத்தன ரிஜிஸ்டர்? ஒரு கை விரல் போதும் எண்ண! எங்களுக்கு ரெண்டு செட்டு!"

"சமைக்கத் தெரியாதவனுக்குத்தான் சார் அத்தன பாத்திரம் வேணும்!"

காபி ஆறுவதற்குள் கல்யாணம் ஆறிப்போயிற்று. "என் பையனுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று பியானோக்காரர் எழுந்தார். "என் பொண்ணும் ஒரு மெகாஹெர்ட்ஸ் குடும்பத்துல போய்க் குப்பை கொட்ட மாட்டா" என்றார் டாக்டர்.

மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கிழவர்களின் விளையாட்டுச் சாமானுக்காகத் தன் வாழ்க்கை போகிறதே என்று நினைத்ததும் அழுகை ஆத்திரமாயிற்று.

"போதும் நிறுத்துங்க! ரெண்டும் பழைய கால்குலேட்டர் மாதிரிதானே? இதுல என்ன பெரிய வித்தியாசம்?"

செருப்பில் பாதி நுழைந்திருந்த பியானோக்காரரின் கால் வெளியே வந்தது. டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"கால்குலேட்டராம் சார்!"

"அறுபத்தி நாலு கே.பி. மெமரிக்குள்ள ஒரு உலகத்தையே அடக்கிக் காட்டினவங்க நாம. இதுங்களுக்கு என்ன தெரியும்?"

"நீங்க உக்காருங்க சம்பந்தி. சூடா வேற காபி போடச் சொல்றேன்."

இருவரும் கைகோத்தபடி சோபாவில் சாய்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்டபக்காரருக்குப் போன் போட உள்ளே ஓடினாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். செத்துப்போன சிப்புக்காகச் சண்டை போட நமக்கென்ன பைத்தியமா? அது கிடக்கட்டும், உங்கள் கையில் இருக்கும் போன் எந்தக் கம்பெனி? ஓ, அதுவா? அடடா, வாங்குவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே... ஏன் முறைக்கிறீர்கள்? நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்?