ஒரு குத்து முந்திய குரவை

துக்கத்தை அடக்க எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சந்தோசத்தை அடக்குவதுதான் எனக்கு வராது. அந்தக் குறை என் மகளின் தொழிலையே தின்னப் பார்த்த கதையை, ஐந்தாம் வகுப்போடு நின்ற கையால் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். (கதையில் பிழை இல்லை.)

பழுகாமத்தில் குரவை என்றால் நான்தான். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்லும். அம்மன் கோயிலில் நான் நாக்கைச் சுழற்றினால் வாவிக்கு அக்கரையில் தோணி தள்ளுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். கலியாணவீட்டில் தாலி ஏறியதும் முதல் குரவை என்னுடையது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள்.

மூன்று ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு நாற்பதாவது வயதில் எனக்குப் பிறந்தவள் தர்சிகா. டவுன் பள்ளிக்கூடத்தில் டெனிஸ் மட்டையைப் பிடித்தவள் பிறகு விடவேயில்லை. அதுவே தொழிலாயிற்று. அதிலும் இரட்டையர் ஆட்டம். தனியாக ஆடுகிறவளுக்கு மட்டை போதும். இவளுக்கு ஜோடியும் வேண்டும். ஜோடி போனால் தொழிலும் போச்சு. (கலியாணத்தைவிடக் கரைச்சல்.)

அப்போது அவளுடைய ஜோடி நிலுகா, கொழும்புப் பிள்ளை. கொழும்பில் நடந்த அந்தப் போட்டியில் வென்றால் அடுத்த வருசம் முழுக்க இருவரும் சேர்ந்து வெளிநாடுகளில் ஆடுவது, தோற்றால் நிலுகா வேறு ஆளோடு போவது என்று பேச்சு. அதைக் கேட்டபிறகு நான் வீட்டில் இருப்பேனா? தங்கச்சி பூமணியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திடலுக்குள் போகுமுன் தர்சிகா என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, பந்து அவங்கட பக்கம் நிலத்துல ரெண்டு தரம் குத்தினாத்தான் எங்களுக்குப் புள்ளி. அதுக்கு முன்ன சத்தம் போடாதீங்க."

"நான் என்ன சின்னப்பிள்ளையா மனே?"

"உங்கள நம்பலாம். உங்கட வாயத்தான் நம்ப ஏலா."

ஆளுக்கொரு சுற்று வென்று, கடைசியில் பத்துப் புள்ளி ஆட்டத்தில் வந்து நின்றது. முதலில் பத்து எடுப்பவர் வெற்றி. ஆனால் மற்றவரைவிட இரண்டு கூட இருக்க வேண்டுமாம். பலகையில் எங்களுக்கு ஒன்பது, அவர்களுக்கு எட்டு. இன்னும் ஒன்றுதான்.

பந்து போனது, வந்தது. என் மூச்சும் அதோடு போய் அதோடு வந்தது. பூமணி என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்; எனக்கு நோகவேயில்லை. தர்சிகா மட்டையைக் கீழிருந்து தூக்கினாள். வலைக்கு அருகே நின்ற இரண்டு பேருடைய தலைக்கும் மேலாகப் பந்து ஏறியது. அவர்கள் பின்பக்கம் கிறுகி ஓடினார்கள். பந்து கடைசிக் கோட்டுக்குள்ளே விழுந்தது. ஒரு குத்து.

இனி யார் எடுக்கப்போகிறார்கள்?

போட்டேன் குரவை.

அம்மன் கோயிலில்கூட அப்படி வந்ததில்லை. மரத்துக் காகங்கள் எல்லாம் எழும்பின. தர்சிகா மட்டையைத் தாழ்த்தி, சிரித்த முகத்தோடு நிலுகாவை நோக்கிக் கையை நீட்டினாள். தொட்டிலில் இருந்தே கேட்ட சத்தம் அல்லவா? குரவை கேட்டால் காரியம் முடிந்தது என்று அவள் உடம்புக்குத் தெரியும்.

பந்துக்குத் தெரியாது. ஓடிய பிள்ளைகளில் ஒருத்தி முதுகைக் காட்டியபடியே எட்டி அடித்தாள். அது திரும்பி வந்து என் மகளின் நீட்டிய கைக்குப் பின்னால் மெதுவாக விழுந்தது. ஒரு குத்து. இரண்டு குத்து.

ஒன்பதுக்கு ஒன்பது.

நடுவர் உயரமான நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். பூமணி, என்னை முன்பின் தெரியாதவள்போல் அடுத்த கதிரைக்கு நகர்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தேன். அடுத்த புள்ளியும் போயிற்று. அதற்கடுத்தது, தர்சிகா அடித்த பந்து வலையின் மேல் விளிம்பில் பட்டுத் துள்ளி, அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று யோசித்துவிட்டு, எங்கள் பக்கமே விழுந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் மன்னம்பிட்டி தாண்டியும் அவள் மட்டையின் நரம்புகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தாள். ஊர் நெருங்கி, கிரானில்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"நிலுகா என்ன சொன்னவ?"

"'உன்ட அம்மா சத்தம் போட்டா. நிண்டது நீ. நான் நிக்கல்லியே' எண்டா."

"நான் போய்க் கதைக்கவா மனே?"

"வேணாம். அவ சொன்னது சரிதானே."

ஏசியிருந்தால் நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

நிலுகா வேறு ஜோடி பிடித்துக்கொண்டாள். நான்கு மாதம் என் மகள் ஊர் நெல் ஆலைச் சுவரோடு டெனிஸ் ஆடினாள். நான் கோயிலில் வாயைத் திறக்கவில்லை. பூசாரி, தொண்டையில் ஏதும் வருத்தமா என்று கேட்டுவிட்டார். ஒரு நாள் காலை தர்சிகா வந்து நின்றாள்.

"அம்மா, நான் அடிக்கக்குள்ள குரவை போடுங்க."

"என்னால ஏலா மனே."

"போடுங்கம்மா. நான் நிக்காமப் பழக வேணும்."

போட்டேன். முதல் நாள் ஒவ்வொரு தடவையும் நின்றாள். (ஆலைக்கு நெல் கொண்டுவந்தவர்கள் யார் வீட்டுக் கலியாணம் என்று எட்டிப்பார்த்தார்கள்.) பத்தாம் நாள், நான் தொண்டை கிழியப் போட, அவள் கண்கூட அசையாமல் அடித்துக்கொண்டேயிருந்தாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

பிறகு அந்தச் சத்தத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டு போனாள். இப்போது மூன்று வருசமாக அவளுக்கு வேறு நாட்டு ஜோடி. பயிற்சியில் என் குரவையைப் போட்டுவிட்டுத்தான் இருவரும் அடிக்கிறார்களாம். கொழும்புக்கு அங்கால் நான் போனதில்லை. என் குரவை போகாத ஊரில்லை.

போன மாதம் பூமணியின் மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடும்போது மண்டபம் தாலியைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தது. பூமணி பின்னால் வந்து என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"அக்கா, பொறுங்க. ஒரு குத்துத்தான் விழுந்திரிக்கி."